மீட்டர் 18,000, பெடல் ரப்பர் மொழுமொழு

விற்பனைக்கு நின்ற ஒரு பைக். மீட்டரில் 18,000 கி.மீ. ஆனால் பிரேக் பெடல் ரப்பரில் ஒரு வரிகூட மிச்சமில்லை.

நான் ரப்பரைத்தான் நம்புவேன்.

மீட்டரைத் திருத்தலாம், மாற்றலாம். ஃபுட்ரெஸ்ட், கைப்பிடி, சாவித் துவாரத்தைச் சுற்றிய கீறல்களையெல்லாம் யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். மீட்டர் 6,000 காட்டும்போது டயர் வண்டியைவிடப் புதிதாக இருந்தால், காரணம் கேளுங்கள்.

பின் பல்சக்கரத்தின் கடைசியில் செயினை விரலால் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் செட்டையே மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

விற்பவர்களே, லிட்டருக்கு இவ்வளவு என்று குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி டேங்கை நிரப்பி, 200 கி.மீ. ஓட்டி, அதே மட்டத்துக்கு மறுபடி நிரப்புங்கள். 4.2 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 47.6.

அளப்பதற்கு முன் டயர் காற்று, ஏர் ஃபில்டர், செயின் தொய்வு மூன்றையும் சரிபாருங்கள். நியூட்ரலில் சுழற்றிவிட்ட சக்கரம் உரசலோடு சட்டென்று நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. மைலேஜைத் தின்பது அதுதான்.

தேதியும் கிலோமீட்டரும் உள்ள சர்வீஸ் பில்களை எடுத்து வையுங்கள். புதுப் பெயின்ட் வேண்டாம், விழுந்த வண்டியோ என்ற சந்தேகம் வரும்.

பார்க்க வருபவருக்காக என்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த என்ஜினை அவரே ஸ்டார்ட் செய்யட்டும். அந்த நொடியில் மட்டும் நீலப் புகை வந்தால் பெரும்பாலும் வால்வு சீல் தேய்ந்திருக்கும். ஆக்சிலரேட்டர் முறுக்கும்போதெல்லாம் வந்தால், தேய்ந்தது பெரும்பாலும் பிஸ்டன் ரிங்.