ஆறு கம்பியும் கணவாய்க் காற்றும்

இன்று பழைய கிடாருக்குக் கம்பி மாற்றினேன். 1989-ல் பொள்ளாச்சியில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை வீட்டுத் திண்ணையில்தான் முதல் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் கூட்டு), ஜி மேஜர். இடது கை விரல் நுனியெல்லாம் கொப்புளம். நல்லவேளை, சோறு பிசைவது வலது கை.

மார்கழி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. மரம் காய்ந்து சுருங்கி, சுருதி இறங்கிவிடும். பாதிக் கச்சேரி ஆணியைத் திருகுவதிலேயே போகும்.

திருவிழா மேடைகளில் தமிழ் ஒன்று, மலையாளம் ஒன்று என்று வாசித்தே 30 வருடம் ஓடிவிட்டது. சொந்தப் பாட்டு 17 எழுதினேன், மேடையேறியது 3. அதில் ஒன்றைக் கேட்டு அம்மா, "இது எந்தப் படம் சாமி?" என்றார். அதைவிடப் பெரிய விருது எனக்கு வரவில்லை.

சரி, ஜி கம்பி இன்னும் சுருதியில் நிற்கவில்லை. சாப்பிட்டுவிட்டு மறுபடி முறுக்க வேண்டும்.