கூட ஆளில்லாமல் ஏரிக்கு

மார்ச் 8, சனி

வருவதாகச் சொன்ன நண்பர் காலையில் வாட்ஸப்பில் கைவிரித்துவிட்டார். சரி, படகைத் தனியாகவே ஏரியில் இறக்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். என்னுடையது பழைய கேடலினா 22 பாய்ப்படகு. நீளம் இருபத்தொன்றரை அடி, எடை டிரெய்லரைச் சேர்க்காமலே ஒரு டன். ஆஸ்டினை ஒட்டியுள்ள டிராவிஸ் ஏரிக்குப் போனால், படகு இறக்கும் சரிவான ரேம்ப்பின் கீழ்முனை காய்ந்த மண்ணில் கிடக்கிறது. கேட்டில் பூட்டு. ஏரியின் நிறைமட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 681 அடி, அதெல்லாம் மழைக்கால நினைப்பு. நீர்மட்டம் பார்க்காமல் கிளம்பியது என் தப்பு.

மார்ச் 9, ஞாயிறு

வாசலிலேயே பாய்மரம் நிமிர்த்திப் பழகினேன். முதல் வேலை, அண்ணாந்து மின்கம்பி பார்ப்பது. இது இருபத்தைந்து அடி அலுமினியம், சும்மா இல்லை. மரத்தின் அடியில் ஒரு குத்துக்கழியை முன்பக்கம் நீட்டி, கப்பிக் கயிற்றை அதன் வழியே இழுத்தால் ஒரே ஆள் நிமிர்த்திவிடலாம். பாதியில் நின்றது. காரணம் பார்க்காமல் இன்னொரு இழு இழுத்தேன். மரத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் கம்பியின் டர்ன்பக்கிள், அதாவது கம்பியை இறுக்கும் திருகு, நிமிராமல் மடிந்து கிடந்திருக்கிறது. விரல் பருமன்கூட இல்லாத திருகாணி, முருங்கைக்காய் மாதிரி வளைந்துவிட்டது.

மார்ச் 15, சனி

புது டர்ன்பக்கிள் மாட்டியாயிற்று. மடியாமல் நிற்க இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குழாய் உறை.

மார்ச் 22, சனி

இன்று வேறொரு ரேம்ப், திறந்திருந்தது. மரம் நிமிர்த்துவதை மேலே பார்க்கிங்கிலேயே முடித்தேன். ரேம்ப்பில் நின்றுகொண்டு முடிச்சுப் போட்டால் பின்னால் நிற்கும் பிக்கப்காரர்கள் முறைப்பார்கள். அந்த நேரத்தில் சக்கரமும் ஆறிவிடும். சூடான பேரிங்கைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். டிரெய்லரின் விளக்கு ஒயரையும் கழற்றினேன்.

படகின் பின்பக்கம் நனைந்ததும் ஹேண்ட்பிரேக். படகின் முன்முனையான அணியத்திலிருந்து நாற்பதடிக் கயிறு, மறுமுனை டாக்கில், அதாவது படகு கட்டும் மேடையில். அதற்கு அப்புறம்தான் படகை டிரெய்லரோடு பிடித்திருக்கும் வின்ச் கொக்கியை விட்டேன். மேட்டிலேயே விட்டிருந்தால் படகு கான்கிரீட்டில் சறுக்கியிருக்கும். படகுக்கு அடியில் நீட்டியிருக்கும் கனமான பலகையான கீலை முழுக்கத் தூக்கினாலும் இதற்கு இரண்டடித் தண்ணீர் வேண்டும், டிரெய்லர் உயரம் வேறு. காரின் பின்சக்கரம் நனைகிறவரை பின்னுக்குப் போனேன். பின்பக்கம் முதலில் மிதந்தது. மெதுவாகக் காரை முன்னுக்கு எடுத்தேன்.

காற்று பக்கவாட்டில் பிடித்துத் தள்ளியது. முளையில் கட்டிய கன்று மாதிரி படகு அரைவட்டம் அடித்து, கயிறு விறைத்து, டாக்கில் லேசாக இடித்து நின்றது. நண்பர் வந்திருந்தால் இந்த இடத்தில் கத்திக்கொண்டிருப்போம்.

காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து ஏறி, கீலை இறக்கினேன். பாயை மாட்டலாம் என்று பார்த்தால் பாய்ப்பை கார் டிக்கியில். மறுபடி மேடு ஏறினேன்.