‘நாடு எது?’ சுற்றில் கோப்பையை இழந்த கதையும் ஒரு நோட்டுப் புத்தகமும்

கல்லூரிகளுக்கு இடையிலான வினாடி வினாப் போட்டியில் எங்கள் அணிக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. 50 மதிப்பெண் முன்னிலையோடு கடைசிக் கேள்விக்குச் சென்று, 15 மதிப்பெண்ணில் தோற்றுத் திரும்பினோம் என்பதால், வாழ்த்துகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அடுத்த ஆண்டு ‘நாடு எது?’ சுற்றுக்குத் தயாராகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒவ்வொன்றாக வரும் ஐந்து குறிப்புகளைக் கேட்டு, பஸ்ஸரை அழுத்தி நாட்டின் பெயரைச் சொல்ல வேண்டிய சுற்று அது; குறிப்புகள் கூடக்கூட மதிப்பெண் குறையும், தவறான விடைக்கு மதிப்பெண் கழியும்.

அன்று வந்த முதல் குறிப்பு இதுதான்: ‘இந்த நாட்டுக்குக் கடற்கரை கிடையாது, ஆனால் கடற்படை உண்டு.’ சிலியுடன் நடந்த போரில் கடலோரத்தை இழந்தும், டிட்டிகாக்கா ஏரியில் கடற்படையை வைத்திருக்கும் பொலிவியாவைப் பற்றி முந்தைய வாரம்தான் படித்திருந்தேன். என் விரல் பஸ்ஸரை அழுத்திய நொடியில், அருகில் இருந்த என் கூட்டாளி தாளில் ‘பொ’ என்றும் அதன் கீழே ‘ப’ என்றும் எழுதிக் கேள்விக்குறி இட்டுக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்க்கவில்லை. பொலிவியா என்றேன், 25 மதிப்பெண் போயிற்று. இரண்டாவது குறிப்பாக, கொடியின் முன்புறச் சின்னமும் பின்புறச் சின்னமும் வேறு வேறு என்று வந்தவுடன், எதிரணியினர் நிதானமாகப் பராகுவே என்று சொல்லி 40 மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

தலைநகரம், நாணயம் போன்றவற்றை நீங்களே மனப்பாடம் செய்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என்னைக் கவிழ்த்தது வேறு. நான் ஒரு நாட்டுக்கு ஒரு பக்கம் என்று குறிப்பெடுத்திருந்தேன்; உண்மையில் ஒரு குறிப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அது பொருந்தும் எல்லா நாடுகளையும் அங்கே எழுதியிருக்க வேண்டும். இப்போது என் நோட்டில் உள்ளவற்றுள் சில:

சதுரக் கொடி: சுவிட்சர்லாந்து, வத்திக்கான்.
மேலே சிவப்பு, கீழே வெள்ளை: இந்தோனேசியா, மொனாக்கோ.
நீலம், மஞ்சள், சிவப்பு நெடும்பட்டைகள்: சாட், ருமேனியா.
சுற்றியுள்ள நாடுகளுக்கும் கடல் இல்லை: லிக்டன்ஸ்டைன், உஸ்பெகிஸ்தான்.
ஒரே நாட்டால் முழுவதும் சூழப்பட்டவை: லெசோத்தோ, சான் மரினோ, வத்திக்கான்.
பணத்தாளில் தமிழ்: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மொரிஷியஸ். (இதில் மொரிஷியஸை மறப்பவர்கள் நம்மவர்களே என்பது வேடிக்கை.)

குறிப்பில் ‘மட்டுமே’ என்ற சொல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். நாற்கரமல்லாத தேசியக் கொடி நேபாளத்துக்கு மட்டுமே உண்டு. நான்கு அரைக்கோளங்களிலும் நிலம் உள்ள நாடு கிரிபாட்டி மட்டுமே. தென் அமெரிக்க நாடுகளுள் டச்சு ஆட்சிமொழியாக இருப்பது சுரினாமில் மட்டுமே. இப்படிப்பட்டவை வந்தால் முதல் குறிப்பிலேயே தயங்காமல் அழுத்தலாம். அந்தச் சொல் இல்லையென்றால், கேள்வி தயாரித்தவர் இரண்டாவது நாடு ஒன்றை மனத்தில் ஒளித்து வைத்திருக்கிறார் என்றே கொள்ளுங்கள்.

பழைய பொது அறிவு நூல்களை நம்பியும் ஏமாற வேண்டாம். ஸ்வாசிலாந்து 2018இல் எஸ்வாட்டினி ஆகிவிட்டது; 2019இல் பெயர் மாறிய கஜகஸ்தான் தலைநகரம் 2022இல் மீண்டும் அஸ்தானா ஆனது.

நான் சொல்வதெல்லாம் என்னைப் போன்ற அவசரக்காரர்களுக்கு. இயல்பிலேயே தயங்குகிறவர் இதைப் படித்துவிட்டு மேலும் தயங்கினால், ஐந்தாவது குறிப்பில் 10 மதிப்பெண்தான் மிஞ்சும். அவசரக்காரர் பஸ்ஸரைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுக் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வது நல்லது.

‘கடற்கரை இல்லை, கடற்படை உண்டு’ என்ற பக்கத்தைப் போட்டி முடிந்த இரவே எழுதத் தொடங்கினேன். பொலிவியாவும் பராகுவேயும் போக, பெருங்கடலோடு சேராத காஸ்பியன் கரையில் உள்ள கஜகஸ்தான், துர்க்மெனிஸ்தான், அஜர்பைஜான் ஆகியவையும் அதில் சேர்ந்தன. பெருங்கடலைத் தொடாத இத்தனை நாடுகள் இருக்க, நான் ஒன்றை மட்டும் நினைத்து அழுத்தியிருக்கிறேன்.