காமா கதிர் புரோட்டானிலிருந்து வந்ததா, எலெக்ட்ரானிலிருந்தா?

நட்சத்திரம் எவ்வளவுதான் தகித்தாலும் அதன் மேற்பரப்பு வெப்பத்தால் காமா கதிரை உமிழாது. ஒரு மெகா எலெக்ட்ரான் வோல்ட் (மெ.எ.வோ., துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) கதிரை வெப்பம் மட்டுமே தர, சுமார் ஆயிரம் கோடி கெல்வின் தேவை. ஆகவே விண்ணில் காமா கதிர் தெரிந்தால், பெரும்பாலும் அங்கே அணுக்கரு சிதைகிறது, அல்லது ஏதோ ஒன்று துகள்களை முடுக்குகிறது.

சிதைவைக் கண்டுபிடிப்பது எளிது. கதிரியக்க அலுமினியம்-26 என்றால் நிறமாலையில் 1.809 மெ.எ.வோ.வில் ஒரு கோடு விழும். முடுக்கத்தில்தான் சிக்கல். அதிவேக எலெக்ட்ரான், நட்சத்திர ஒளியின் மீது மோதி அதையே காமா கதிராக்கிவிடும். அதிவேக புரோட்டானோ வாயுவில் மோதி நடுநிலைப் பையான் என்ற, மின்னேற்றமற்ற குறுவாழ்வுத் துகளை உண்டாக்கும். அது உடனேயே இரண்டு காமா கதிர்களாக உடையும். அண்டக் கதிர்கள், அதாவது விண்வெளியில் பாயும் புரோட்டான் போன்ற அதிவேகத் துகள்கள், காந்தப்புலங்களில் வளைந்து திசையை இழந்துவிடுகின்றன. அவை எங்கே முடுக்கப்பட்டன என்று அறிய, நேராக வரும் இந்தக் காமா கதிர்களில் எவை புரோட்டானுடையவை என்று பிரித்தே ஆக வேண்டும்.

அசையாமல் நின்று உடையும் பையான், தலா 67.5 மெ.எ.வோ. கதிர்களைத் தரும். அதனால் புரோட்டான் வழியில் வரும் ஆற்றல் நிறமாலை, சுமார் 200 மெ.எ.வோ.க்குக் கீழே செங்குத்தாகச் சரியும். ஐ.சி. 443, டபிள்யூ 44 என்ற இரு சூப்பர்நோவா எச்சங்களில் (வெடித்த நட்சத்திரங்களின் மிச்சங்களில்) இந்தச் சரிவை ஃபெர்மி என்ற காமா கதிர் விண்வெளித் தொலைநோக்கி கண்டதாக 2013-இல் அறிவித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த அளவீடுகளில் இது ஒன்று, ஏனென்றால் அந்த ஆற்றல் பகுதியில்தான் கருவி மிகவும் தடுமாறும்.

காமா கதிரை ஆடியால் குவிக்க முடியாது. ஃபெர்மியில் அது டங்ஸ்டன் தகட்டில் பட்டு எலெக்ட்ரான்–பாசிட்ரான் (எலெக்ட்ரானின் நேர்மின் எதிர்த்துகள்) ஜோடியாக மாறும். சிலிக்கான் பட்டைகள் அந்த ஜோடியின் தடத்தைப் பதியும். ஆற்றல் குறைவாக இருந்தால் ஜோடி அதே டங்ஸ்டனில் சிதறித் திசை மாறும். 100 மெ.எ.வோ.வில் பிழை சுமார் 5 பாகை, அதாவது முழுநிலவின் அகலத்தைப்போல் பத்து மடங்கு! தகட்டை மெலிதாக்கினால் திசை தேறும், ஆனால் பிடிபடும் கதிர்கள் குறையும்.

இதனால் பால்வீதி வாயுவின் பரவலான ஒளிர்வு, நாம் பார்க்கும் மூலத்தின் கதிருக்குள் கசிகிறது. அதுவும் பெரும்பகுதி பையான் ஒளிர்வே! இந்தப் பின்னணி ஒளிர்வைக் கணிக்கும் மாதிரி சற்றுப் பிசகினாலும் சரிவு பொய்யாகத் தோன்றலாம், அல்லது மறையலாம். பூமியின் விளிம்பும் காமாவில் பிரகாசிக்கும் என்பதால், உச்சிக்கோணம் (தலைக்கு நேர் மேலிருந்து அளக்கும் கோணம்) 90 பாகையைத் தாண்டிய கதிர்ப் பதிவுகளை முதலிலேயே கழித்துவிடுங்கள். அளந்த ஆற்றலுக்கும் உண்மை ஆற்றலுக்கும் உள்ள விலகலைத் திருத்தாமல் இந்தப் பகுதியில் எந்த நிறமாலையையும் நம்பாதீர்கள். குறைந்த ஆற்றல் எலெக்ட்ரான்கள் இல்லாத மூலமும், வாயுவில் வேகம் இழந்து உமிழும் கதிரால் இதே சரிவைப் போலக் காட்டக்கூடும். அதையும் பொருத்திப் பார்த்து நிராகரித்த பிறகே புரோட்டான் என்று எழுதலாம்.