யாருடைய கடிகாரம், யாருடைய அளவுகோல்?

ஜூன் 3

ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியலை விளக்கச் சொல்லப்படும் மியுவான் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது பிறக்கும் துகள் அது. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடி. ஒளியின் வேகத்தில் 99.5 விழுக்காட்டில் பாய்ந்தாலும் அதற்குள் சுமார் 660 மீட்டர்தான் போக முடியும். ஆனால் பல கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தவை தரைக்கு வந்து சேர்கின்றன. அந்த வேகத்தில், நம் கடிகாரப்படி ஆயுள் பத்து மடங்கு நீள்கிறது: 22 மைக்ரோநொடி, ஏறத்தாழ 6.6 கிலோமீட்டர்.

சரி, 6.6 கிலோமீட்டரை மியுவானின் 2.2 மைக்ரோநொடியால் வகுத்தால்? ஒளியைவிடப் பத்து மடங்கு வேகம்! எந்தப் பொருளும் ஒளியை முந்த முடியாது என்பதல்லவா சார்பியலின் விதி?

ஜூன் 4

வில்லங்கம் வகுத்தலில்தான். தூரம் நாம் அளந்தது, நேரம் மியுவான் அளந்தது. இரண்டு வீட்டு வரவுசெலவை ஒரே பேரேட்டில் ஏற்றினால் கணக்கு உதைக்காமல் என்ன செய்யும்?

மியுவானோடு கூடவே போகிறவருக்கு அந்த 6.6 கிலோமீட்டர் 660 மீட்டராகச் சுருங்கிவிடும். அதை 2.2 மைக்ரோநொடியால் வகுத்தால் 99.5 விழுக்காடு. நம் தூரத்தை நம் நேரத்தால் வகுத்தாலும் அதே 99.5. காலம் மெதுவாகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. நீளச் சுருக்கத்தைச் சொல்லாவிட்டால் வாசகர் இந்தப் பத்து மடங்கில்தான் போய் விழுவார்.

ஜூன் 7

எதிரெதிரே வரும் இரு விண்கலங்கள், ஒவ்வொன்றும் ஒளிவேகத்தில் 0.6 பங்கு. நம் பார்வையில் இடைவெளி 1.2 மடங்கு ஒளிவேகத்தில் குறைகிறது. இதில் விதிமீறல் இல்லை; அந்த வேகத்தில் எந்தப் பொருளும் ஓடவில்லையே. ஒரு கலத்திலிருந்து மற்றதை அளந்தால், சார்பியலின் வேகக் கூட்டல் விதிப்படி 1.2-ஐ 1.36-ஆல் (1 + 0.6 × 0.6) வகுக்க வேண்டும்: 0.88.

ஓடும் நீரில் ஒளியைச் செலுத்தி 1851-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ பார்த்ததும் இதைத்தான்: நீரின் வேகம் ஒளியோடு முழுதாகக் கூடவில்லை. அதை இந்தக் கூட்டல் விதியைக் கொண்டே 1907-இல் ஜெர்மன் இயற்பியலாளர் லாவே விளக்கினார்.

ஜூன் 12

1971-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஹாஃபெலேயும் கீட்டிங்கும் மிகத் துல்லியமான சீசியம் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் உலகம் சுற்ற வைத்தார்கள். தரையிலிருந்தவற்றோடு ஒப்பிட்டால், கிழக்கே சுற்றியவை 59 நானோநொடி பின்தங்கின. மேற்கே சுற்றியவை 273 நானோநொடி முந்தின. தரைக் கடிகாரமும் பூமியோடு சேர்ந்து சுழல்கிறது என்பதை மறந்தால் இது புரியாது. கிழக்கே போகும் விமானம் அந்தச் சுழற்சியோடு தன் வேகத்தையும் கூட்டிக்கொள்கிறது, மேற்கே போவது கழித்துக்கொள்கிறது. உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் இரண்டு கடிகாரங்களுமே சற்று வேகமாக ஓடும். அது ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்பியலின் பங்கு.

ஜூன் 15

1983 முதல் ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று வரையறுத்தே வைத்துவிட்டார்கள். மீட்டர் என்பதே அதிலிருந்து பிறப்பது. இன்று ஆய்வகத்தில் யாராவது ஒளிவேகத்தை அளக்க இறங்கினால், உண்மையில் சோதிப்பது தம் அளவுகோலைத்தான்.