தென்காசிக்குப் போகும் ஹார்ட் டிஸ்க்

2023 டிசம்பர் 17 இரவு தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி சிந்துபூந்துறைத் தெருக்களுக்குள் ஏறியபோது, வீட்டுப் பத்திரம், நகை, மாத்திரை டப்பா மூன்றையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். மேசைக்கு அடியில் இருந்த சிபியு ஞாபகத்துக்கே வரவில்லை. அம்மாவும் அவள் சேக்காளிகளும் பாடிய தாலாட்டு, கும்மி, ஒப்பாரி எல்லாம் அதில்தான் இருந்தன. பத்து வருடம் ஊர் ஊராகப் போய்ப் பதிந்தவை. பாடியவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

தண்ணீர் வடிந்ததும் சிபியுவைத் துடைத்து, நாலு நாள் வெயிலில் வைத்து, சுவிட்சைப் போட்டேன். அதைச் செய்திருக்கவே கூடாது. ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு சுழலும்போது, படிக்கிற முனை தலைமுடியை விடக் குறைந்த இடைவெளியில் அதன்மேல் ஓடுமாம். ஒரு மண் துகள் போதும், கீறிவிடும். "கரண்ட் குடுக்காம அப்படியே கொண்டாந்திருந்தா முயற்சி பண்ணிப் பாத்திருக்கலாம்மா" என்றார் பழுது பார்ப்பவர்.

தம்பி மகன் போனில், "அத்தே, இன்னொரு காப்பி எங்க வச்சிருந்திய?" என்று கேட்டான். டி டிரைவில் என்றேன். சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவனுக்கு எப்போதோ மெயிலில் அனுப்பிய பதினொரு பாட்டு மட்டும் மிஞ்சியது.

புதுக் கம்ப்யூட்டரோடு 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வாங்கினேன். விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்று ஒன்று இருக்கிறது. டிஸ்க்கைச் செருகி அதை ஆன் செய்தால் மணிக்கொரு தடவை தானே காப்பி எடுக்கும். நிம்மதியாக இருந்தேன். ஒரு மாதம் கழித்து, தம்பி மகன் சொன்னபடி ஒரு பாட்டைத் திரும்ப எடுத்துப் பார்க்கப் போனால், பாட்டு ஃபோல்டரே அதில் இல்லை! டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மாதிரி இடங்களைத்தான் அது தானாக எடுக்கும். நான் பழக்கதோஷத்தில் மறுபடியும் டியில் போட்டு வைத்திருந்தேன். ஃபோல்டரை டாகுமெண்ட்ஸுக்கு மாற்றிய பிறகுதான் சரியானது. காப்பி எடுத்தவர்கள் தயவுசெய்து ஒரு ஃபைலையாவது அதிலிருந்து திறந்து பாருங்கள்.

கூகுள் டிரைவிலும் போட்டிருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் மெயிலும் போட்டோவும் சேர்ந்தே அடங்க வேண்டும்; பாட்டுக்கு அது தாராளம். ஆனால் கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்த ஃபோல்டரில் ஒன்றை இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அவ்வளவுதான். அதனால் அதை மட்டும் நம்பக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் டிஸ்க் அதே மேசையில்தான் இருந்தது. "குறுக்குத்துறை முருகன் கோயில்ல வெள்ளம் ஏறுதுன்னா உற்சவர மேட்டுல இருக்க மேலக்கோயிலுக்குக் கொண்டு போவாங்கள்லா? அதேதான் அத்தே" என்றான் தம்பி மகன். இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கித் தென்காசியில் தங்கச்சி வீட்டு பீரோவில் வைத்தேன். மாதம் ஒருமுறை போகும்போது புதுக் காப்பி உள்ளதை வைத்துவிட்டு, பழையதை எடுத்து வருகிறேன்.

போன மாதம் அவள் மகளின் லேப்டாப்பில் செருகி ஒரு பாட்டைச் சோதித்தேன். மிஞ்சிய பதினொன்றில் ஒன்று, அம்மா பாடிய தாலாட்டு. தங்கச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.