மக்மோரிஸின் கேள்வி

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கும் குளோப் அரங்கில், முற்றத்தில் நின்றே பார்க்கும் டிக்கெட் வாங்கியிருந்தேன். சுற்றிலும் கூரை வேய்ந்த மாடங்கள். முற்றத்துக்கு மேலே வானம்தான். குடை விரிக்க அனுமதியில்லை. தூறல் விழுந்ததும் பக்கத்தில் நின்ற பெரியவர் மேடை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். நானும் ஊன்றினேன். பலகை சில்லென்று நனைந்திருந்தது.

நாடகம் ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி'. 1415-இல் அஜின்கோர்ட்டில் பிரெஞ்சுப் படையை வென்ற மன்னனின் கதை. ஆங்கிலேயரின் நாட்டுப்பற்று என்றாலே இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். நான் காத்திருந்தது ஒரு சிறு காட்சிக்காக. பிரான்சின் ஹார்ஃப்ளூர் நகர முற்றுகையில் ஓர் ஆங்கிலேயர், ஒரு வெல்ஷ்காரர், ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஓர் அயர்லாந்துக்காரர் என நான்கு படைத்தலைவர்கள் சந்திக்கிறார்கள். வெல்ஷ்காரர் ஃப்ளூயெல்லன், "உங்கள் நாட்டவர்..." என்று வாயெடுத்ததுமே அயர்லாந்துக்காரர் மக்மோரிஸ் சீறுகிறார்: "என் நாடா? எது என் நாடு? என் நாட்டைப் பற்றிப் பேசுவது யார்?"

அதுவரை அவருடைய உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போனது. கேள்விக்கு மேடையில் யாரும் பதில் சொல்லவில்லை.

ஷேக்ஸ்பியர் இதை எழுதிய 1599-இல்தான் ஆங்கில ஆட்சிக்கு எதிரான அயர்லாந்துக் கிளர்ச்சியை அடக்க எசெக்ஸ் பிரபு பெரும்படையுடன் கிளம்பினார். 1600-இல் வந்த முதல் அச்சில் மக்மோரிஸே இல்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623-ஆம் ஆண்டுப் பெருந்தொகுப்பில்தான் இருக்கிறார். ஒரே மன்னனுக்காகப் போரிடும் நால்வரும் ஒரே நாட்டவர்தானா என்ற சிக்கலை, வெற்றி முழக்கத்துக்கு நடுவில் கொண்டுவந்து வைத்த துணிவுக்காகவே இந்த நாடகத்தை நேசிக்கிறேன்.

மறுநாள் காலை, மன்னர்களும் கவிஞர்களும் அடக்கமாகியிருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயம். ஹென்றியின் கல்லறைச் சிலையில் இருந்த வெள்ளித் தலையை 1546-இல் திருடிவிட்டார்கள். இப்போது இருப்பது 1971-இல் பொருத்திய பிசின் தலை. அதைவிட அதிக நேரம் நின்றது, கவிஞர் மூலையில் எட்மண்ட் ஸ்பென்சரின் நினைவுக்கல் முன்னால். எலிசபெத் அரசியைப் போற்றி 'ஃபேரி குயீன்' காவியம் பாடியவர். அதில் பெரும்பகுதியை எழுதியது அயர்லாந்தின் கில்கோல்மனில், கிளர்ச்சியாளரிடமிருந்து பறித்த நிலத்தில். 1598-இல் அங்கிருந்த அவருடைய மாளிகையைக் கிளர்ச்சியாளர்கள் எரித்தார்கள். லண்டனுக்குத் தப்பிவந்தவர் சில வாரங்களில், 1599 ஜனவரியில், இறந்தார்.

கல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். கவிஞர்களின் இளவரசர், லண்டனில் பிறந்தவர் என்று இருக்கிறது. அயர்லாந்து என்ற சொல் எங்கும் இல்லை.